அகலத் திரையின் மற்றப் பக்கம்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் எவ்வளவு நீளும், எவ்வளவு சுருங்கும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மென்பொருட்களின் பெயர்கூட எனக்கு வாயில் நுழைவதில்லை. ஆகவே அந்தப் பக்கம் நான் போகவில்லை. பாரிசில், லா சப்பலில், இதே படக்கடையில் நான் இருந்த காலத்தில், படத்தைத் திரைக்கு ஏற்ற அளவாக்கப் போய் என்னென்ன வில்லங்கத்தில் மாட்டினோம் என்பதை மட்டும் சொல்கிறேன். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் மனுசி அலட்டுகிறாள் என்று விட்டுவிடுங்கள்.

எங்கள் கடை அப்போது ஒரு சேலைக்கடைக்கும் ஒரு ஃபோன் கடைக்கும் நடுவில் இருந்தது. மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் விளக்குக் கம்பி ஆடும், அதனால் மெத்ரோ போய் முடியும்வரை யாரையும் படம் எடுக்க மாட்டோம். விசா அட்டைக்குப் படம், கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானால் செய்கிற சாமத்திய வீடு, செத்தவீடு, எல்லாம் செய்தோம். இரண்டாயிரத்து ஒன்பதை ஒட்டித்தான் எங்கள் ஈழத்துச் சனம் ஒவ்வொரு வீட்டிலும் பழைய பெட்டி டிவியைத் தெருவில் வைத்துவிட்டு அகல டிவி வாங்கத் தொடங்கியது. சால் என்று பிரெஞ்சில் நாங்கள் சொல்கிற கலியாண மண்டபங்களிலும், சுவர் அகலத்துக்குத் திரை வந்தது. ஆனால் சனம் கொண்டுவந்த படங்கள் மட்டும் மாறவில்லை. அவை ஊரில் எடுத்தவை. ஒன்று, நெடுக்காக நிமிர்ந்து நிற்கும், அல்லது சதுரத்துக்குக் கிட்டிய வடிவில் இருக்கும். அதை அகலத் திரையில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பு விழும்.

அந்தக் கறுப்பு எங்கள் முதலாளிக்கு ஆகாது. அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். தொழிலில் பல விடயங்களில் எப்படியும் போகட்டும் என்று விடுகிற மனிதர், இதில் மட்டும் அசைய மாட்டார்.

"கலியாணத்திலை கறுப்பு வரப்படாது. பொம்பிளைக்கு ரெண்டு பக்கமும் துக்கத் துணி கட்டின மாதிரிக் கிடக்கு. ஏதாவது செய்து நிரப்புங்கோ."

நிரப்புவது என்றால் மூன்று வழிதான். படத்தை அகலமாக இழுக்கலாம், மேலும் கீழும் வெட்டலாம், அல்லது பக்கங்களில் வேறு எதையாவது வைக்கலாம்.

இழுப்பதைப் பற்றி ஒரு கதை சொல்கிறேன். எங்கள் தெருவில் இருந்த நகைக்கடைக்காரர் ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் பெரிய டிவி வைத்து, நகை போட்ட பெண்ணின் படங்களை ஓடவிடச் சொன்னார். கடையில் அவசரத்தில் ஒருவர் அந்தப் படங்களைத் திரை அளவுக்கு இழுத்துவிட்டார். பெண் பூசணிக்காய் மாதிரி இருந்தாள். நான் மாற்றித் தருகிறேன் என்று ஓடிப் போனால், மனிதர் விடவில்லை. "பிள்ளை, அட்டியல் எவ்வளவு பாரமாத் தெரியுது பாத்தியளே. விடுங்கோ" என்றார். பிறகு நடந்ததை நீங்களே ஊகித்திருப்பீர்கள். வந்த பெண்கள் எல்லாம் டிவியில் இருக்கிற அட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அவர் உண்மையான அட்டியலை எடுத்து வைத்தால், இது இல்லை, அந்த அகலமானது என்றார்கள். ஒரு கிழமைக்குள் அவரே வந்து, பெண்ணை மெலிய வையுங்கள் என்று கேட்டார்.

வெட்டுவதிலும் சுகம் இல்லை. குடும்பப் படத்தில் மூன்று வரிசை நிற்கும். மேலே வெட்டினால் பின்வரிசை மாமாமாருக்குத் தலை இல்லை. கீழே வெட்டினால் முன்னால் சப்பாணி கட்டி இருக்கிற பிள்ளைகள் இல்லை. தலை போன மாமா எப்படியும் சாலில் முதல் மேசையில்தான் இருப்பார்.

ஆகவே எங்கள் கடை மூன்றாவது வழிக்குப் போனது. நிமிர்ந்த படத்தை நடுவில் வைத்து, மெல்லிய மஞ்சள் பின்னணியில், இரண்டு பக்கமும் ஒவ்வொரு குத்துவிளக்கு. அதைச் செய்தவர் அந்துவான். பாண்டிச்சேரிக்காரர், கத்தோலிக்கர், பாரிசிலேயே படித்தவர். கணினி வேலையில் கடையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய தமிழை நான் கேலி செய்வேன், என்னுடைய பிரெஞ்சை அவர் கேலி செய்வார், கணக்குச் சரியாகிவிடும். அந்த விளக்கு எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. குழந்தைப் படத்துக்கு வைத்தாலும் மங்களமாக இருந்தது, தாவணிப் படத்துக்கு வைத்தாலும் மங்களமாக இருந்தது. அண்ணைக்குப் பெரிய சந்தோசம்.

இந்த இடத்தில்தான் தவமணி அக்கா வருகிறார். பாரிசுப் புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்தவர். மகள் ஜனனிக்குக் கலியாணம், மாப்பிள்ளை வீடு இன்னொரு புறநகரான திரான்சி. சாலில் சாப்பாட்டுக்கு முன்னால் ஓடவிடுவதற்கு ஜனனியின் சிறு வயதுப் படங்களை ஒரு பையில் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, கடைசியாகக் கைப்பைக்குள் இருந்து ஒரு படத்தைத் தனியாக எடுத்தார். வெள்ளைச் சேட்டு, அரும்பு மீசை, வீட்டு மதிலுக்கு முன்னால் நிற்கிற ஒரு இளைஞன். நிமிர்ந்த படம். ஆள் இடது ஓரத்தில், மற்றப் பக்கம் வெறும் சுண்ணாம்பு மதில்.

"இவன் என்ரை மூத்தவன், செந்தூரன். இவனையும் இதுக்குள்ளை போடவேணும், தங்கச்சி."

"இப்ப எங்கை இருக்கிறார், அக்கா?"

"தெரியேல்லை."

நான் படத்தைக் கையில் வாங்கினேன். அவரே சொன்னார். "ரெண்டாயிரத்து ஒன்பதிலை, சண்டை முடியிற நேரம் கடைசியாக் கதைச்சவன். என்ரை மனுசன்ரை சகோதரங்கள் எல்லாம் திவசம் குடு, திவசம் குடு எண்டு நிக்குதுகள். நான் குடுக்கேல்லை. என்ரை பிள்ளை இருக்கிறான். தங்கச்சியின்ரை கலியாணத்திலை மாப்பிளைக்குத் தோழனா நிக்க வேண்டியவன் அவன்தான். ஆள் வராட்டிலும் படமாவது வரவேணும். அவையள் எல்லாரும் பாக்கவேணும்."

"போடுறம் அக்கா."

"மாலை கீலை போட்டிடாதேங்கோ. பொட்டும் வேண்டாம். கறுப்பு வெள்ளையும் ஆக்காதேங்கோ. இருக்கிற ஆளை இருக்கிற மாதிரிப் போடுங்கோ."

நான் இதை அப்படியே அந்துவானிடம் சொன்னேன். அவர் மாலை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை, நிறத்தைத் தொடவில்லை. மற்ற நிமிர்ந்த படங்களுக்கு எல்லாம் செய்தது போல இதற்கும் செய்தார். கடையில் ஓடவிட்டுப் பார்த்தபோது அண்ணை உட்பட எவருக்கும் எதுவும் உறுத்தவில்லை. சின்னத் திரை, எல்லாப் படத்துக்கும் அதே அலங்காரம், பின்னால் நாதஸ்வரம்.

கலியாணத்தன்று சாலில், சடங்கு தொடங்குவதற்கு முன் நானும் அந்துவானும் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரையைச் சரிபார்த்தோம். மணவறைக்குப் பூக்கட்டுகிற ஒருவர் ஏணியில் நின்றார். ஜனனி தவழ்கிறாள், ஜனனி பள்ளிக்கூடம் போகிறாள். அடுத்து சுவர் உயரத்துக்குச் செந்தூரன். தனி ஆள், இரண்டு பக்கமும் எரிகிற விளக்கு. நாதஸ்வரம் இல்லை. சாலில் பாதி விளக்குத்தான் போட்டிருந்தார்கள்.

பூக்கட்டுகிறவர் ஏணியால் இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் என்னிடம் கேட்டார்.

"பொம்பிளையின்ரை தமையனே? எப்ப மோசம் போனவர்?"

அந்த மனிதருக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. அவர் திரையில் இருந்ததைத்தான் படித்தார். தனியாக ஒரு ஆள், இரண்டு பக்கமும் விளக்கு. செத்தவீட்டுப் படத்துக்கு எங்கள் ஆட்கள் வேறு என்ன வைப்பார்கள்? குழந்தைக்கு மங்களமாக இருந்த அதே விளக்கு, வராத மகனுக்கு வைத்ததும் அஞ்சலி ஆகிவிட்டது. தவமணி அக்கா கொடுக்காத திவசத்தை, அத்தனை உறவினருக்கு முன்னால், மகளின் கலியாணத்தில், நாங்கள் கொடுக்கப் போனோம்.

நான் அந்துவானைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துபோயிருந்தது.

"எல்லா படத்துக்கும் அதானே வச்சேன் அக்கா. மாலை வேணாம்னீங்க, வைக்கல. பொட்டு வேணாம்னீங்க, வைக்கல. விளக்கு வேணாம்னு யாரும் சொல்லலையே."

அதில் ஒரு பிழையும் இல்லை. விளக்கு வைப்போம் என்று தெரிந்திருந்தால்தானே தவமணி அக்காவும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இப்படியான நேரத்தில் யாருடைய பிழை என்று ஆராயத் தொடங்கினால் நேரம் போய்விடும், பிழை அப்படியே இருக்கும். இது நீங்கள் எங்கே வேலை செய்தாலும் உதவும்.

அண்ணை பெண் வீட்டில், மணப்பெண்ணை அலங்கரிக்கிற சோடனைப் படம் எடுத்துக்கொண்டு நின்றார். ஃபோனில் சொன்னேன். உடனே விளங்கிவிட்டது அவருக்கு. "அந்தப் படம் வாற இடத்தைத் தாண்டி விடுங்கோ. தாய் மனுசிக்கு இண்டைக்கு ஆயிரம் அலுவல். கவனிக்க மாட்டா."

அண்ணை கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் கடைப் பையில் மற்றப் படங்களையும் கைப்பையில் அந்த ஒன்றையும் கொண்டுவந்த மனுசி அதைக் கவனிக்காமல் இருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. படம் வராவிட்டால், அவர் அதையும் மகன் இல்லை என்ற பதிலாகத்தான் எடுத்துக்கொள்வார். அண்ணையிடம் பார்க்கிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

அந்துவான் மடிக்கணினியைத் திறந்தார். முதலில் விளக்குகளை எடுத்தார், அதோடு ஒட்டியிருந்த மஞ்சள் பின்னணியும் போனது. இரண்டு பக்கமும் கறுப்பு விழுந்தது, அது விளக்கைவிட மோசம். பிறகு முகத்தை மட்டும் பெரிதாக்கினார். சின்னப் பிரதியிலிருந்து எடுத்த படம், முகம் சுவரளவுக்கு வந்ததும் புள்ளி புள்ளியாக உடைந்து ஆளே தெரியவில்லை. கடைசியில் நான் ஒருபோதும் செய்யச் சொல்லாததைச் செய்யச் சொன்னேன். இழுத்துப் பாருங்கள் என்றேன். பள்ளிக்கூடம் முடித்த பொடியனுக்குத் தாடை அகன்று, தோள் அகன்று, ஒரு நடுவயதுக்காரன் வந்து நின்றான். இப்போது இருந்தால் இப்படித்தான் இருப்பானோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. எடுங்கள், எடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மண்டபத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அந்துவான் என்னைப் பார்க்கிறார், நான் படத்தைப் பார்க்கிறேன். அப்போதுதான் அந்த மதில் கண்ணில் பட்டது. ஆள் இடது ஓரத்தில் நிற்கிறான், வலது பக்கம் ஒன்றுமே இல்லாத சுண்ணாம்பு மதில். நாங்கள் எப்போதும் ஆளை நடுவில் வைத்து, இரண்டு பக்கத்தையும் சமமாக நிரப்பிப் பழகியவர்கள். ஆளை நடுவில் வைக்கவேண்டும் என்று எவரும் சட்டம் போடவில்லை.

"அந்துவான், ஆளை இடது பக்கக் கரையிலை விடுங்கோ. மதிலை மட்டும் மற்றப் பக்கம் முடியிற வரைக்கும் நீட்டுங்கோ."

"அவ்ளோ இடமும் காலியா இருக்குமே அக்கா."

"இருக்கட்டும்."

அவர் கை வேகமான கை. கொஞ்ச நேரத்தில் மதில் நீண்டுவிட்டது. வீடியோவைத் திரும்பச் செய்ய நேரம் இல்லை. ஆகவே செந்தூரனுக்கு முந்திய படத்தோடு வீடியோவை நிறுத்துவது, இந்தப் படத்தைத் தனியாகப் போடுவது, பிறகு அடுத்த படத்திலிருந்து வீடியோவைத் தொடர்வது என்று முடிவு செய்தோம். கை தவறினால் விளக்கோடு அந்தப் பழைய படம் திரையில் வந்துவிடும். அந்துவான் சிலுவை போட்டுக்கொண்டார். நான் நல்லூரானை நினைத்துக்கொண்டேன்.

தாலி கட்டி, ஆட்கள் மேசைகளில் இருந்த பிறகு வீடியோ ஓடியது. வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்ற தவமணி அக்கா வந்து, மேசைகளுக்கு நடுவில் நடைபாதையிலேயே நின்றார். ஜனனி பள்ளிக்கூடம் போனாள். திரை ஒருமுறை வெட்டியது. செந்தூரன் வந்தான். வெயில் விழுந்த நீண்ட மதில், அதன் ஒரு கரையில் ஒரு பொடியன், கூப்பிட்டால் நடந்து வருவான் போல.

எனக்குக் கிட்ட இருந்த மேசையில் ஒரு பெண் கேட்டார். "இது ஆர்?"

"பொம்பிளையின்ரை தமையன்."

"எங்கை இருக்கிறார்?"

"அங்கைதான், ஊரிலை இருக்கிறாராம் போலை."

இருக்கிறாராம் என்று சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்துவான் அடுத்த படத்துக்குத் தாண்டினார், கை தவறவில்லை.

சாப்பாடு தொடங்கிய பிறகு தவமணி அக்கா எங்கள் மேசைக்கு வந்தார். ஏதோ மாற்றியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது, நாங்களும் சொல்லவில்லை. திரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"பக்கத்திலை இடம் விட்டிருக்கிறியள்."

"ஓம் அக்கா."

"நல்லது. ஒருத்தி வந்து நிக்கலாம்."

சொல்லிவிட்டு, இரண்டு பேரும் சாப்பிடாமல் போகக்கூடாது என்று எங்களை அதட்டிவிட்டுப் போனார். அந்துவான் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுற்றினார். நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நீங்களும் அழுவீர்கள்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு பழக்கம் கொண்டுவந்தோம். படம் கொண்டுவருகிறவரிடம், இவர் யார், உங்களுக்கு என்ன முறை, இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்போம். அண்ணை முதலில் முணுமுணுத்தார், கடையில் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றார். பிறகு அவரே கேட்கத் தொடங்கினார். இது தெரிந்த பிறகுதான் எங்கே வெட்டலாம், எதை நிரப்பலாம் என்று முடிவு செய்யலாம். கணினிக்கு அகலமும் உயரமும்தான் தெரியும்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு தவமணி அக்கா மறுபடி கடைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அதே படம்.

"ஜனனியின்ரை மகள் இப்ப கேள்வி கேக்கத் துவங்கிட்டாள். தொந்தோன் எங்கை, தொந்தோன் எங்கை எண்டு" என்றார். பிரெஞ்சுப் பிள்ளைகள் மாமாவை அப்படித்தான் கூப்பிடும். "வீட்டிலை பெரிய டிவி வாங்கியிருக்கு. அவன்ரை பிறந்தநாளுக்கு இந்தப் படத்தை டிவியிலை போடவேணும். அண்டைக்குச் சாலிலை போட்ட மாதிரி."

"அப்பிடியே தாறம் அக்கா."

அவர் படத்தை மேசையில் வைத்து, செந்தூரனுக்கு இடது பக்கம் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கம் ஒரு விளக்கு வையுங்கோ."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படத்தை எடுத்து அந்துவானிடம் கொடுத்தேன். அந்துவான் ஆளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, இடது பக்கம் விளக்கை வைத்தார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு, பழக்கத்தில், மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் வச்சாதாம்மா சமமா இருக்கும்."

"ரெண்டு வைச்சா முடிஞ்சுபோம், தம்பி" என்றார் தவமணி அக்கா. "ஒண்டு போதும். மற்றப் பக்கம் அப்பிடியே கிடக்கட்டும்."

அப்படியே செய்து கொடுத்தோம்.

அந்தப் படம் கடைக் கணினியில் அவர் பெயரில் இருக்கிறது. நீங்கள் திறந்தால், ஒரு பக்கம் பாரமாகவும் மற்றப் பக்கம் வெறுமையாகவும் இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். தொடாதீர்கள். அவர் ஒருநாள் வந்து அந்த விளக்கை எடுக்கச் சொன்னால் எடுத்துக் கொடுங்கள். இன்னொன்று வைக்கச் சொன்னால் வைத்துக் கொடுங்கள். அதுவரை அந்த மதில் அவருடைய இடம், நீங்களாக எதையும் கொண்டுபோய் அங்கே வைக்க வேண்டாம்.